‘ரீல் விடாதீங்க அப்புச்சி’

கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் கோபமான பதிவும்கூட. படிக்காமலே கும்பிடு பொம்மை போடுகிறவர்கள் வழக்கம்போலப் போட்டுவிட்டுப் போகலாம். பாதியில் கோபம் வந்தால் என் நம்பர் எல்லோரிடமும் இருக்கிறது, கூப்பிட்டே சண்டை போடுங்கள்.

போன மாதம் ராசிபுரத்தில் நம் வீட்டுக் கல்யாணம். பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். 1971 யுத்தத்தில் இருந்த பெரியவர் ஒருவரும் இருந்தார். பேச்சு எப்படியோ குளிர் பக்கம் போனது. ‘நாங்க பார்டர்ல இருக்கறப்ப...’ என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான். ‘ரீல் அந்து போச்சுங்க அப்புச்சி’ என்றான் ஒரு பேரன். எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருத்தன், ‘அதெல்லாம் கெடக்கட்டும், இந்த மாசக் கோட்டா பாட்டில் வாங்கியாச்சுங்களா?’ என்றான். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. பெரியவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கை கழுவப் போனார். ஏற்கெனவே கை கழுவிவிட்டுத்தான் வந்து உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பேரன் ஒருத்தனைத் திட்டிப் பயனில்லை. சேலம், நாமக்கல் பக்கம் பட்டாளத்துக்குப் போய் வந்தவர் இருக்கிற வீடுகளில் பெரும்பாலும் இதே கூத்துதான். ‘மிலிட்டரிக்காரர் கதை’ என்றாலே நமக்குப் பொய் என்று அர்த்தம். சினிமாவும் தன் பங்குக்கு எத்தனையோ படங்களில் மீசையை முறுக்கிவிட்டு, துப்பாக்கியைத் தோளில் மாட்டிவிட்டு, அவரைக் காமெடியன் ஆக்கி வைத்திருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். நம் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் ராஜஸ்தானில் போர் போட்ட கதை, ஆப்பிரிக்காவில் போர் போட்ட கதை சொன்னால் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறோமே, எவனாவது அடி அளந்து பார்த்தோமா? லாரி ஓனர் அசாம் மலையில் பிரேக் இல்லாமல் வண்டி இறக்கினேன் என்றால் நம்புகிறோம். அந்தக் கதைகளுக்குப் பின்னால் நாலு மாடி வீடு இருக்கிறது. பட்டாளத்துக்காரர் கதைக்குப் பின்னால் பென்ஷன் மட்டும்தான் இருக்கிறது. ஒரு போருக்கு மரியாதை, இன்னொரு போருக்குக் கேலி.

இதே ஆட்கள்தான் 2024 தீபாவளிக்கு ‘அமரன்’ படம் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து ஸ்டேட்டஸ் வைத்தவர்கள். மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரலில் காஷ்மீர் ஷோபியானில் உயிர் கொடுத்தவர், அசோக சக்கரம் பெற்றவர். அவருக்காக அழுததில் தப்பே இல்லை. ஆனால் தியேட்டரில் அழுதவன் வீட்டுக்கு வந்ததும், திண்ணையில் இருக்கிற உயிரோடு உள்ள சிப்பாயிடம் ‘சும்மா இருங்க’ என்கிறான். செத்தவரும் வேண்டும், சினிமாவும் வேண்டும். உயிரோடு உட்கார்ந்து மெதுவாக, சுற்றி வளைத்து, நடுவில் இந்தி கலந்து பேசுகிறவர் வேண்டாம்.

பள்ளிக்கூடங்களையும் விடமாட்டேன். 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாள். முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளின் சட்டையில் குண்டூசியால் கொடி குத்தி, உண்டியல் சுற்றவிட்டவள் நான். அந்தக் காசு யாருக்குப் போகிறது என்று பிள்ளைகள் பார்க்கட்டும் என்று ஒரு வருடம் ஒரு முன்னாள் படைவீரரை என் வகுப்பில் உட்கார வைத்துப் பேசச் சொன்னேன். ‘போர்ஷன் முடிஞ்சுதா டீச்சர்?’ என்று மேலே இருந்தவர் கேட்டார். ஆகஸ்ட் 15-க்கு மட்டும் அவர்களைக் கூப்பிடுவோம். ஒரு பொன்னாடை, ஒரு ஆரஞ்சு மிட்டாய், மைக்கில் இரண்டு நிமிடம். முன்னாள் படைவீரர்களுக்கென்றே ஜனவரி 14 என்று ஒரு நாள் இருக்கிறது. முதல் இந்தியத் தளபதி கரியப்பா 1953-இல் ஓய்வு பெற்ற நாள் அது. நம் ஊரில் அது பொங்கல் கூட்டத்தில் காணாமல் போய்விடும், எவருக்கும் தெரியாது.

சரி, அவர்கள் எங்கேதான் பேசுகிறார்கள்? தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். ஒரே பட்டாலியனில் இருந்தவர்கள் வருடம் ஒருமுறை எங்காவது ஒரு சின்ன மண்டபம் பிடித்துக் கூடுகிறார்கள். என் பழைய மாணவன் ஒருவன், ஹவில்தாராக ஓய்வு பெற்று இப்போது செக்யூரிட்டி வேலை பார்க்கிறவன், ‘டீச்சர், நீங்க கட்டாயம் வரோணும்’ என்று நாமக்கல் பக்கம் நடந்த ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் போனான். காலை பத்து மணிக்குப் போனவள் சாயங்காலம்தான் திரும்பினேன். நான் மட்டும்தான் வெளியாள். முதல் அரை மணி நேரம் என்னைப் பார்த்துக் கூச்சப்பட்டார்கள். அப்புறம் மறந்துவிட்டார்கள்.

அந்த நாள் முழுக்க ஒருத்தர்கூட எத்தனை பேரைச் சுட்டேன் என்று பேசவில்லை. நாம் வாயில் திணிக்கிற கேள்வி அது, அவர்களுடைய பேச்சு வேறு. லங்கரில் ரொட்டி தின்று தின்று புளிச்சோற்றுக்கு ஏங்கியது. புது ரிக்ரூட்டாக வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டருக்குப் போன முதல் வாரம் போர்வைக்குள் அழுதது. சுட்டி கிடைத்து ஜம்முவில் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஏறி, இரண்டு நாளுக்கு மேல் பயணம் செய்து, நடுச்சாமத்தில் சேலம் ஜங்ஷனில் டிரங்குப் பெட்டியோடு இறங்கியது. ‘பட்டி’ என்றால் நமக்கு ஆட்டுப்பட்டி. அவர்களுக்கு ஜோடி ஆள். இரண்டிரண்டு பேராகச் சேர்த்து விடுவார்களாம். நீ தூங்கினால் அவன் முழித்திருப்பான், உனக்குக் காய்ச்சல் என்றால் அவன் கஞ்சி கொண்டு வருவான். அறுபது வயது தாண்டிய ஒருவர் இன்னொருவரைக் காட்டி, ‘இவன் என்ற பட்டிங்க டீச்சர்’ என்றார். சம்சாரத்தைக்கூட அப்படிப் பெருமையாக அறிமுகப்படுத்துகிற ஆம்பளையை நம் பக்கம் நான் பார்த்ததில்லை.

சியாச்சினில் இருந்தவர்கள் மூன்று பேர். முட்டை கல்லாக உறைந்துவிடும், சுவரில் அடித்தாலும் உடையாது என்றார் ஒருவர். ‘நாமக்கல்காரன்னு என்னையத்தான் ஒடைக்கச் சொல்லுவாங்க’ என்றார், மண்டபமே சிரித்தது. அங்கே பனியில் நடக்கும்போது எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டி விடுவார்களாம். மேலே பனி மூடியிருக்கும், கீழே பாதாளம் இருப்பது தெரியாது. ஒருவன் உள்ளே விழுந்தால் மற்றவர்கள் அப்படியே படுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ‘கயித்துல முன்னால போறவன் எந்தத் தெருக்காரன்னு எவனும் கேட்டதில்லைங்க. கயிறு கெட்டியா இருக்குதான்னு மட்டுந்தான் பார்ப்போம்’ என்றார்.

இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்தில் 19-ஆவது மெட்ராஸ் பட்டாலியனின் காவல் நிலை ஒன்று பனிச்சரிவில் புதைந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். உள்ளே பத்துப் பேர். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து ஒவ்வொருவர், கர்நாடகத்துக்காரர்கள் மூன்று பேர், கேரளத்துக்காரர் ஒருவர், ஆந்திராவின் கர்னூலைச் சேர்ந்த முஸ்லிம் பையன் ஒருவர், மகாராஷ்டிரத்து நர்சிங் உதவியாளர் ஒருவர். கிருஷ்ணகிரி ஒரு காலத்தில் நம் பழைய சேலம் ஜில்லாதான். ஆறு நாள் கழித்து, சுமார் 25 அடி பனிக்கு அடியிலிருந்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை உயிரோடு எடுத்தார்கள். பிப்ரவரி 11 அன்று டெல்லி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அந்த ஆறு நாளும் அந்தக் குளிரில் பனியை வெட்டிக்கொண்டே இருந்தார்களே, அவர்களுக்கு உள்ளே இருப்பவன் என்ன பாஷை, என்ன சாமி என்பதெல்லாம் ஒரு பொருட்டாக இருந்திருக்குமா?

இப்போது நான் சொல்லப்போவது சிலருக்குச் சுடும். சுடட்டும்.

அந்தக் கூட்டத்தில் பார்த்த ஜோடி ஒன்றைப் பற்றி என் மாணவன் வழியில் சொன்னான். இருவரும் பதினேழு வருடம் ஒன்றாக இருந்தவர்கள். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ஒருவர் ஊருக்குள் இருப்பவர், இன்னொருவர் காலனிக்காரர். ஓய்வு பெற்று வந்த புதிதில் காலனிக்காரர் நண்பரைப் பார்க்க வீட்டுக்குப் போயிருக்கிறார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் டீ வந்தது. அவருக்கு மட்டும் பேப்பர் கப்பில் வந்தது. அவர் குடித்தார். கப்பை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்காரர் அப்போது ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அவராகவே போய் இவரைப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து இருவரும் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில்தான் சந்திக்கிறார்கள். எந்த வீடு என்று எனக்குத் தெரியும். இதைப் படிக்கிற சிலருக்கும் தெரியும்.

நம் பெரியவர்களின் பட்டாளத்துக் கதையை நாம் கேட்க மறுப்பதற்கு உண்மையான காரணம் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். ரீல் என்பதெல்லாம் சாக்கு. முழுசாகக் கேட்டால், ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு போன கதை வரும். ஒரே அண்டாவில் மொண்டு குடித்த கதை வரும். அது வந்தால் நம் வீட்டு டம்ளர் கணக்கு அசிங்கமாகத் தெரியும். அதனால்தான் குண்டு, துப்பாக்கி, பாகிஸ்தான் என்று நாமே பேச்சைத் திருப்பிவிடுகிறோம், இல்லையென்றால் சிரித்து அடக்கிவிடுகிறோம்.

பட்டாளத்தைச் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. ஆபீசர் வீட்டு ஷூவுக்குப் பாலிஷ் போட்ட சகாயக்குகளின் கதையும் அந்த மண்டபத்தில் வந்தது. சாதிப் பெயரிலேயே ரெஜிமெண்டுகள் இன்றும் வடக்கே இருக்கின்றன. 1880-களில் சென்னைப் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் என்ற வெள்ளைக்காரர், தெற்கத்திக்காரன் சண்டைக்கு லாயக்கில்லாதவன் என்று முடிவு கட்டினார். 1758-இல் தொடங்கிய படையை அந்தப் பேச்சை வைத்தே படிப்படியாகக் குறைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது திரும்பவும் கூப்பிட்டார்கள். அதே தெற்கத்திக்காரர்களை மெட்ராஸ் ரெஜிமெண்டில் இன்றும் ‘தம்பி’ என்றுதான் செல்லமாக அழைக்கிறார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாம் கலந்த ரெஜிமெண்ட் அது. குறை இருக்கிற இடத்திலும் ஒரே தட்டு சாத்தியமாயிற்று என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அடுத்தது, நாம் எல்லோரும் சேர்ந்து வாயை அடைத்த ஒரு கூட்டம். 1987 ஜூலையிலிருந்து 1990 மார்ச் வரை இலங்கைக்குப் போன அமைதிப்படை.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச வருடம்தான். கிராமத்தில் எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு இன்லேண்ட் லெட்டர் எழுதுவதும் படித்துக் காட்டுவதும் டீச்சரம்மாவின் வேலை. பட்டாளத்துக்காரருக்கு எழுதினால் முகவரியில் ஊர் இருக்காது, 56 ஏ.பி.ஓ. என்றுதான் இருக்கும். ‘ஏனுங்க டீச்சர், இந்த அம்பத்தாறு எந்த ஊருங்க?’ என்று கேட்பார்கள். ஒரு பெண்ணுக்கு இரண்டு மாதம் கடிதமே வராமல் இருந்து ஒன்று வந்தது. நாலே வரி. அதில் ஒரு வரி, இங்கே எல்லோரும் நம் பேச்சுதான் பேசுகிறார்கள் என்று. அதைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. ‘அப்பப் பயமில்லீங்க’ என்றாள். நான் பேப்பர் படிக்கிறவள். எனக்கு விளங்கிவிட்டது. ஒன்றும் சொல்லாமல் கடிதத்தை மடித்துக் கொடுத்தேன்.

கிட்டத்தட்ட 1,200 இந்தியச் சிப்பாய்கள் அங்கே இறந்தார்கள். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25 அன்று இறந்து பரம்வீர் சக்கரம் பெற்றார். அந்த மண்ணின் மக்கள் பட்ட பாடும் சின்னதல்ல. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாளில், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் நம் படையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். முகாம் பிள்ளைகளும் என்னிடம் படித்திருக்கிறார்கள், இதைப் படித்துக்கொண்டும் இருப்பார்கள். அவர்கள் முகத்துக்கு நேரே இதை மறைத்து எழுத எனக்கு மனசு வராது. படை திரும்பி வந்தபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழரைக் கொன்ற படை என்ற கோபம் தமிழ்நாட்டில் இருந்த காலம். ஆனால் அந்தக் கப்பலில் நம் ராசிபுரத்துப் பையனும் ஆத்தூர்ப் பையனும் இருந்தார்கள். போகச் சொன்னதும் அவர்கள் இல்லை, வரச் சொன்னதும் அவர்கள் இல்லை. முடிவெடுத்தவர்கள் புத்தகம் எழுதினார்கள். போனவன் முப்பத்தைந்து வருடமாக வாயைத் திறக்கவில்லை.

அந்த மண்டபத்தில் ஒருவர் திறந்தார். யாழ்ப்பாணத்தில் ஒரு பாட்டி தண்ணீர் கொடுத்து ‘தம்பி எந்த ஊர்?’ என்று கேட்டாராம். சேலம் என்றதும், மாம்பழ ஊரா என்று சிரித்தாராம். ‘அடுத்த நாள் காலையில அந்தத் தெருவுல...’ என்று சொல்லி நிறுத்திவிட்டார். பக்கத்தில் இருந்தவர் அவர் முழங்கால் மேல் கையை வைத்தார். எதிரில் இருந்தவர் ஏதோ சுட்டி மறுத்த சுபேதார் கதையை ஆரம்பித்தார். ஒருத்தரும் ‘அப்புறம்?’ என்று கேட்கவில்லை. அவர்களுக்கு அப்புறம் தெரியும். இந்த மனிதர் பெண்டாட்டியிடமும் பிள்ளையிடமும் சொல்லாததை ஏன் இவர்களிடம் பாதியாவது சொன்னார் என்பது அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு விளங்கியது.

கமெண்டில் என்ன வரும் என்று தெரியும். ‘டீச்சர், நீங்களும் போர் வெறி பக்கம் போய்ட்டீங்களா?’ என்று என் பகுத்தறிவு மாணவன் ஒருவன் கேட்பான். கண்ணு, அந்த நாள் முழுக்க அந்த மண்டபத்தில் ‘அடிக்கணும், முடிக்கணும்’ என்று ஒரு வார்த்தை வரவில்லை. அதெல்லாம் நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில், ஏசி ரூமிலிருந்து வருகிறது. இன்னொருத்தி, ‘எங்கப்பா பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாருங்க டீச்சர், அதே கதையையே பத்துத் தடவை சொல்வாரு’ என்பாள். சொல்லட்டுமே. ஒன்றாம் வகுப்பில் ‘அ’வை உனக்கு எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தேன்? பத்துத் தடவை ஒருவர் ஒரே கதையைச் சொல்கிறார் என்றால், ஒன்பது தடவையும் யாரும் முழுசாகக் கேட்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அக்னிபாத் 2022-இல் வந்தது. நாலு வருடம், அதில் நாலில் ஒரு பங்கு ஆட்களுக்குத்தான் மேற்கொண்டு வேலை. விடியற்காலம் பைபாஸ் ரோட்டில் ஓடிப் பழகுகிற நம் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் யோசிக்கிறேன். பதினேழு வருடம் ஒன்றாக இருந்தவர்களுக்கே ஊரில் பேச ஆள் இல்லை. இருபத்திரண்டு வயதில் திரும்பி வருகிறவன் யாரிடம் போய்ப் பேசுவான்?

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் இருக்கிறது. முதல் உலகப் போருக்கு அந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று வெள்ளைக்காரன் வெட்டி வைத்தது. அதில் ஒருத்தர் பெயர்கூட இல்லை. வெறும் கணக்கு. நம் ஊர்களில் இருந்து போனவர்களுக்கு, 1962-க்கும் 65-க்கும் 71-க்கும் இலங்கைக்கும் கார்கிலுக்கும் போனவர்களுக்கு, அந்தக் கணக்காவது உங்கள் ஊர்ப் பஞ்சாயத்து ஆபீசில் இருக்கிறதா என்று போய்க் கேட்டுப் பாருங்கள்.

அதனால் ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டுப் பரணில் அந்தக் கறுப்பு டிரங்குப் பெட்டி இருக்கும். உள்ளே ஒரு குரூப் போட்டோ இருக்கும், வரிசையாக நின்றுகொண்டும் உட்கார்ந்துகொண்டும். அதை எடுத்துக்கொண்டு போய் அப்பா பக்கத்தில் உட்காருங்கள். எத்தனை பேரைச் சுட்டீங்க என்று கேட்காதீர்கள். இவர் யார், எந்த ஊர், உங்கள் பட்டி யார் என்று இடப்பக்கத்திலிருந்து வரிசையாகக் கேளுங்கள். செல்போனில் ரெக்கார்ட் போட்டுவிடுங்கள், சொல்லிவிட்டுப் போடுங்கள். நடுவில் ஒரு பெயர் ஞாபகம் வராது. அவசரப்படுத்தாதீர்கள், சாயங்காலம் டீ குடிக்கும்போது வரும். போட்டோவின் பின்பக்கத்தில் பேனாவால் அழுத்தி எழுத வேண்டாம், முன்னால் தடம் விழுந்துவிடும். தனித்தாளில் எழுதி உறைக்குள் வையுங்கள். எழுதியதை எனக்கும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தித் தருகிறேன்.